எருக்குழி நாற்றம்: பக்கத்து வீட்டு மூக்கையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரு மாட்டுப் பண்ணையின் எருக்குழி நாற்றம் பற்றிச் சென்ற வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். பக்கத்தில் குடியிருப்பவர்கள் புகார் கொடுத்தார்கள், அதிகாரிகள் கருவியோடு வந்து அம்மோனியாவை அளந்தார்கள், அளவு மிகக் குறைவாக இருந்தது, ஆகவே புகாரில் உண்மை இல்லை என்று செய்தி முடிந்திருந்தது. அந்தக் கடைசி வரியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் புகார் கொடுக்கும் பக்கத்தைச் சேர்ந்தவள் அல்ல. 60 மாடுகளை வைத்துப் பதினான்கு வருடமாகப் பால் பண்ணை நடத்துகிறவள். இதே மாதிரி ஒரு வரி ஒருமுறை எனக்குச் சாதகமாகவும் எழுதப்பட்டது. அதை நம்பி நான் ஒன்றரை வருடத்தை வீணாக்கினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் பண்ணைக்குக் கீழே, சரிவில், மூன்று வீடுகள் இருக்கின்றன. கடைசி வீட்டுக்காரர் புகார் எழுதிப் போட்டதில் ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். காலை 11 மணி. நல்ல வெயில், காற்றும் வீசிக்கொண்டிருந்தது. கையடக்கமான அம்மோனியா மீட்டரைக் குழியோரம் பிடித்தார்கள், 4 பிபிஎம் காட்டியது, அதாவது காற்றில் பத்து லட்சத்தில் 4 பங்கு. சரிவில் இறங்கி நடு வீட்டு வாசலில் பிடித்தார்கள், 0. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. 'பாதிப்பு எதுவும் கண்டறியப்படவில்லை' என்று எழுதிய காகிதத்தின் நகல் எனக்கும் வந்தது. அதற்குப் பிறகு யார் நாற்றம் என்று வாயெடுத்தாலும் அந்தக் காகிதத்தைக் காட்டினேன். அளந்தாகிவிட்டது, இனி என்ன பேச்சு என்று உண்மையாகவே நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் நடு வீட்டு அக்கா கையில் ஒரு துணியோடு வந்தார். பேரக் குழந்தையின் சட்டை. துவைத்துக் காயப்போட்டு அப்போதுதான் கொடியிலிருந்து எடுத்தது. "கொஞ்சம் மோந்து பாரும்மா" என்று என் கையில் கொடுத்தார். முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. "ஒண்ணும் தெரியலையே அக்கா" என்றேன். பொய் இல்லை, எனக்கு எதுவுமே தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. சட்டையை வாங்கி மடித்துக்கொண்டு, "உனக்கு எப்படிம்மா தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சரிவில் இறங்கிப் போய்விட்டார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசிவிட்டு மறந்திருப்பேன். அந்த ஒரு வார்த்தை ராத்திரியெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மாதம் ஒரு வேலையாகப் பத்து நாள் வெளியூரில் தங்க வேண்டி வந்தது. திரும்பி வந்த அன்று விடியற்காலை, பண்ணைக்கு இன்னும் இருநூறு அடி இருக்கும், நடு வீட்டு வாசலைத் தாண்டும்போதே அடித்தது. புளித்துப்போன, குடலைப் புரட்டுகிற வீச்சம். தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. கொட்டகைக்குள் போய் இருபது நிமிடம் நின்றேன், அவ்வளவுதான், மறுபடி ஒன்றும் தெரியவில்லை. பழகிய மூக்கு எவ்வளவு சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதே வாசலில்தான் மீட்டர் 0 காட்டியது.

அப்புறம்தான் எங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டும் தேடிப் படித்தும் விஷயத்தைப் புரிந்துகொள்ள ஆரம்பித்தேன். மீட்டர் பொய் சொல்லவில்லை. அது அளக்கிறது அம்மோனியாவை மட்டும். சாணமும் மூத்திரமும் காற்றில்லாமல் குழியில் ஊறும்போது உண்டாகும் நாற்றப் பொருள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பியூட்டிரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு, பாரா-கிரெசால், இண்டோல், ஸ்கேட்டோல் என்று பட்டியல் நீளும். அம்மோனியாவை நம் மூக்கு உணர வேண்டுமானால் காற்றில் பத்து லட்சத்தில் சில பங்காவது இருக்க வேண்டும். பாரா-கிரெசாலுக்கும் ஸ்கேட்டோலுக்கும் நூறு கோடியில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. அம்மோனியா வழியிலேயே கலைந்து ஒன்றுமில்லாமல் போன பிறகும் இவை சரிவில் இறங்கிப் போய் ஜன்னலுக்குள் நுழையும். எனவே அம்மோனியா 0 என்றால் அம்மோனியா இல்லை என்று அர்த்தம். நாற்றம் இல்லை என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று, அளந்த நேரம். வெயில் ஏறிய பகலில் தரை சூடாகிக் காற்று மேலே எழும்பிக்கொண்டே இருக்கும், குழியிலிருந்து வருவது அதோடு கலந்து உயரே போய்விடும். சூரியன் இறங்கியதும் தரையை ஒட்டிய காற்று முதலில் குளிர்ந்து கனத்துப்போகிறது, மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி நிற்கிறது. மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடுமோ அந்த வழியாகவே ராத்திரி அந்தக் குளிர்ந்த காற்றும் மெல்ல இறங்கும். எங்கள் குழியிலிருந்து தண்ணீர் வழிந்தால் நேராக நடு வீட்டு வாசலுக்குத்தான் போகும். நாற்றமும் அப்படியே போயிருக்கிறது, சாயங்காலம் ஆறரைக்கு மேலும் விடியற்காலையிலும். காலை 11 மணிக்கு வந்து தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அப்படியானால் நாற்றத்தை அளக்கவே முடியாதா என்றால், முடியும். நாற்றத்தை அளப்பதற்கென்றே ஐரோப்பாவில் 2003இல் ஈஎன் 13725 என்று ஒரு தர விதி வந்தது, 2022இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். அதில் அளவுகோலே மனித மூக்குதான். குழியின் மேலிருந்து காற்றைப் பையில் பிடித்து 30 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே குறைந்தது நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். கண்டவர் மூக்கும் ஆகாது. என்-பியூட்டனால் என்ற ஒரு பொருளை முகரவைத்து, அளவுக்கு மீறிக் கூர்மையான மூக்கையும் மந்தமான மூக்கையும் தள்ளிவிட்டு, நடுத்தரமான மூக்குகளாகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர்கள் சென்ட் போட்டுக்கொண்டு வரக் கூடாது. பிடித்து வந்த காற்றில் சுத்தமான காற்றை நிறையக் கலந்து கொடுப்பார்கள். தெரியவில்லை என்றால் கலப்பதைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். பாதிப் பேருக்குத் தெரிகிற இடம் வரும்போது எத்தனை மடங்கு கலந்திருந்ததோ அதுதான் அந்தக் காற்றின் நாற்ற எண். ஆயிரம் மடங்கு கலந்தபோது பாதிப் பேருக்குத் தெரிந்தால், ஒரு கன மீட்டருக்கு 1000 நாற்ற அலகு. ஒரு கன மீட்டர் சுத்தக் காற்றில் 123 மைக்ரோகிராம் என்-பியூட்டனால் கலந்தால் வருவது ஓர் அலகு என்று அடிப்படையும் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும் விஷயம் என்று தட்டிக் கழிக்கப்பட்டதை இவ்வளவு ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இந்த எண்ணைப் பற்றி ஒரு விஷயத்தை என்னைப் போன்ற பண்ணைக்காரர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எண் பாதியானால் நாற்றம் பாதியாகத் தெரியாது. 1000 அலகு 500 ஆனால் நிறையப் பேருக்கு வித்தியாசமே லேசாகத்தான் தெரியும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால்தான் "இப்போது பரவாயில்லை" என்பார்கள். 'ஐம்பது சதவீதம் நாற்றக் குறைப்பு' என்று பாட்டில்மேல் எழுதி விற்கும் எதையும் வாங்குமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

வேலியோரத்தில் நின்றே அளப்பதற்குக் கையில் பிடிக்கிற கருவியும் உண்டு. மூக்கில் பொருத்திக்கொண்டால் முதலில் கரி வழியாக வடிகட்டிய காற்றுதான் வரும். பிறகு ஒரு திருகைத் திருப்பத் திருப்ப 60 மடங்கு, 30, 15, 7, 4, 2 என்று கலப்பு குறைந்துகொண்டே போகும். எந்த இடத்தில் முதலில் தெரிகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் இந்த எல்லாவற்றையும்விட என் மனதில் பதிந்தது ஜெர்மனியில் செய்யும் முறை. அங்கே பயிற்சி பெற்றவர்களை நாற்றம் வரும் இடத்தைச் சுற்றிய குடியிருப்புகளுக்கு அனுப்புகிறார்கள். ஓரிடத்தில் 10 நிமிடம் நிற்க வேண்டும், 10 விநாடிக்கு ஒருமுறை முகர்ந்து குறிக்க வேண்டும். ஆக 60 முறை. அதில் 6 முறையாவது அந்த நாற்றம் அடையாளம் தெரிந்தால் அந்த மணி நேரமே 'நாற்ற மணி' என்று கணக்கில் ஏறிவிடும். மாதக் கணக்கில், வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரத்தில், ராத்திரியிலும் இப்படிச் செய்கிறார்கள். குடியிருப்புப் பகுதியில் வருடத்தின் மொத்த மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் நாற்ற மணி வரக் கூடாது என்பது விதி. ஒரு நாற்றம் எவ்வளவு பலமாக அடித்தது என்பதைவிட எத்தனை தடவை அடித்தது என்பதைத்தான் அந்த விதி கேட்கிறது. பக்கத்தில் குடியிருப்பவர் பேசுவதும் அதைத்தானே? "என்னிக்கோ ஒருநாள்னா பொறுத்துக்கலாம்மா, தினம் தினம்னா எப்படி" என்று அக்கா சொன்னதற்கும் அந்த விதிக்கும் ஒரே பொருள்தான்.

ஆய்வகம், கருவி எல்லாம் எனக்கு எட்டாது. அதனால் மூன்று 40 பக்க நோட்டு வாங்கினேன். மூன்று வீட்டுக்கும் ஒவ்வொன்று. புகார் எழுதிய கடைசி வீட்டுக்காரரிடம் கொடுக்கப் போனபோது கை நடுங்கியது. "எனக்கு எதிரா நானே சாட்சி தயார் பண்றேன்னு நினைச்சுக்குங்க அண்ணா, எழுதுங்க" என்றேன். முதலில் நம்பவில்லை, பிறகு வாங்கிக்கொண்டார். தேதி, நேரம், 0 முதல் 5 வரை ஓர் எண், எவ்வளவு நேரம் நீடித்தது, அவ்வளவுதான் எழுத வேண்டும். 0 என்றால் ஒன்றுமில்லை, 3 என்றால் தெளிவாகத் தெரிகிறது, 5 என்றால் ஜன்னலைச் சாத்தாமல் இருக்க முடியாது. நாற்றம் இல்லாத நாளையும் எழுதச் சொன்னேன், இல்லாவிட்டால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். என் பக்கத்தில் நான் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். அன்றைக்குக் குழியில் என்ன வேலை நடந்தது, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம். கொட்டகைக் கம்பத்தில் ஒரு துணி ரிப்பனைக் கட்டிவிட்டேன், அதுதான் என் காற்றுமானி. அந்த நான்கு நோட்டிலும் யாரும் யாருடையதையும் பார்க்கக் கூடாது என்று பேச்சு.

மூன்று மாதம் கழித்து நான்கையும் அக்கா வீட்டுத் திண்ணையில் விரித்து வைத்துப் பார்த்தோம். 4, 5 என்று இரண்டு வீடாவது எழுதிய நாள்கள் 19. அதில் 14 நாள் நாங்கள் குழியைக் கிளறிய நாள், அல்லது அதற்கு மறுநாள் விடியற்காலை. மூன்று நாள், கொட்டகையைக் கழுவிய தண்ணீர் குழாய் வழியாக உயரத்திலிருந்து குழிக்குள் சாயங்காலம் கொட்டிய நாள். மீதி இரண்டுக்கு எங்களுக்குக் காரணம் பிடிபடவில்லை. குழி பாட்டுக்குச் சும்மா கிடந்த நாள்களில் பெரும்பாலும் 0, 1, எப்போதாவது 2. நான் குழி இருப்பதுதான் பிரச்சினை என்று நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். குழியில் நான் எப்போது கை வைத்தேன் என்பதுதான் பிரச்சினையாக இருந்திருக்கிறது. கடைசி வீட்டு அண்ணன் அந்த 14 வரியையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி, "அப்ப இது சரிபண்ணக் கூடியதுதான்" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் கோபமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அது.

கிளறினால் ஏன் அப்படி? கெட்டியாகக் கிடக்கும் குழம்புச் சாணத்துக்குள் வாயு குமிழ் குமிழாகச் சிறைப்பட்டிருக்கிறது. கிளறும்போது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வரும். கிளறாமலும் இருக்க முடியாது, அடியில் மண்டி இறுகிவிடும், வயலுக்கு எடுக்க முடியாது. எனவே நேரத்தை மாற்றினோம். வசதிக்காகச் சாயங்காலம் செய்துகொண்டிருந்த வேலை இப்போது காலை 10 மணிக்குமேல் தொடங்கிப் பிற்பகல் 2க்குள் முடிகிறது, ரிப்பன் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் பறந்தால் மட்டும். முதல் நாளே மூன்று வீட்டுக்கும் சொல்லிவிடுகிறோம். அவர்கள் வீட்டில் விசேஷம் என்றால் தள்ளிப்போடுகிறோம். கழுவிய தண்ணீர்க் குழாயின் வாயை நீட்டிக் குழியின் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிட்டோம். மேலிருந்து விழுந்து கலக்குவது நின்றது. இரண்டுக்கும் செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை.

குழியின் மேல் படியும் ஏட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டுச் சாணத்தில் செரிக்காத நார் நிறைய இருக்கும். உள்ளிருந்து எழும் குமிழ்கள் அதை மேலே தூக்கிக்கொண்டு வந்து காயவிட்டால் ஒரு தோல் மாதிரிப் படியும். அது அசிங்கம் என்று நினைத்து வாரா வாரம் உடைத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த ஏடுதான் குழிக்கு இயற்கை போட்ட மூடி. இப்போது அதைத் தொடுவதில்லை. ஏடு படியாத ஓரங்களில் வைக்கோலைப் பரப்புகிறோம், ஒரு சாண் கனத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சில மாதத்தில் அது நனைந்து மூழ்கிவிடும், மறுபடி போட வேண்டும், எடுக்கும்போது பம்பில் சிக்கித் தொல்லையும் கொடுக்கும். வசதி உள்ளவர்கள் காற்றுப் புகாத தார்ப்பாய் மூடி போட்டு உள்ளே சேரும் வாயுவைக் குழாயில் எடுத்து எரிக்கிறார்கள், அது இதைவிடப் பல மடங்கு மேல்.

சுண்ணாம்பு விஷயத்தில் நான் பட்டது வேறு யாரும் படக் கூடாது. நாற்றத்துக்குச் சுண்ணாம்பு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டு மூட்டை மூட்டையாகக் குழியில் கொட்டிக் கலக்கினேன். ஐந்து நிமிடத்தில் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடினார்கள், ஓரத்தில் கட்டியிருந்த கன்றுகள் இருமின. காரணம் பின்னால் தெரிந்தது. குழியில் இருக்கும் அம்மோனியா கரைந்த வடிவில் அடங்கிக் கிடக்குமா, வாயுவாகப் பறக்குமா என்பதைப் பிஎச் முடிவுசெய்கிறது. அமிலமா காரமா என்று காட்டும் எண் அது, கூடினால் காரம், குறைந்தால் அமிலம். பிஎச் 7 என்றால் நூறில் ஒரு பங்குகூட வாயுவாக இருக்காது. 9 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நான் கொட்டிய சுண்ணாம்பு பிஎச்சை அப்படியே மேலே தூக்கிவிட்டது. சரி, அப்படியானால் அமிலத்தை ஊற்றிவிடலாமே என்றும் யாரும் இறங்கிவிடக் கூடாது. பிஎச் இறங்கினால் அம்மோனியா அடங்கும், ஆனால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும், அது கொல்லும் வாயு. டென்மார்க்கில் கந்தக அமிலம் கலக்கிறார்கள் என்றால் அதற்கென்றே கட்டிய கருவிகளோடு, கட்டுப்பாட்டோடு செய்கிறார்கள். வாளியில் கொண்டுபோய் ஊற்றும் வேலை அல்ல.

வாசனைத் தெளிப்பான்களும் வாங்கிப் பார்த்தேன். வீச்சத்தோடு பூவாசனை சேர்ந்து இன்னும் மோசமாக இருந்தது என்று மூன்று நோட்டிலும் எழுதியிருந்தார்கள். சாணத்திலிருந்து சக்கையைப் பிரித்தெடுப்பது நல்ல பலன் தருகிறது. பிரித்த சக்கையைக் காய்ந்த கூளத்தோடு சேர்த்துக் காற்றோட்டமாகக் குவித்தால் மக்கிய எருவாகிறது, அதில் வருவது மண்வாசனைதான். சாண எரிவாயுக் கலன் இன்னும் நல்லது, நாற்றம் தரும் கொழுப்பு அமிலங்களை உள்ளேயே தின்று தீர்த்துவிடும். ஆனால் கலனிலிருந்து வெளியே வரும் கழிவில் பிஎச் கூடியிருக்கும். அதைத் திறந்த தொட்டியில் விட்டால் அம்மோனியா பறக்கும், அதற்கும் மூடி வேண்டும். தீவனத்தில் புரதம் தேவைக்குமேல் போனால் அந்த உபரி மூத்திரத்தில் யூரியாவாகத்தான் போகும், சாணத்தில் உள்ள நொதி அதைச் சில மணி நேரத்தில் அம்மோனியாவாக்கிவிடும். மருத்துவர் சொல்லி அதையும் குறைத்தோம், பால் குறையவில்லை.

மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். கொட்டகைக்கும் பெரிய குழிக்கும் நடுவே எங்களிடம் மூடிய சேகரிப்புத் தொட்டி ஒன்று இருக்கிறது. போன வருடம் அதைக் கலக்கிக்கொண்டிருந்தபோது கயிறு உள்ளே விழுந்துவிட்டது. எங்களிடம் வேலை செய்யும் தம்பி வாயிலில் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டு எட்டி எடுக்கப் பார்த்தான். சில விநாடிதான் இருக்கும், கால் துவண்டது. பக்கத்தில் நின்ற என் கணவர் இடுப்புத் துணியைப் பிடித்து இழுத்ததில் பிழைத்தான். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த பிறகு அவன் சொன்னது இன்னும் எனக்கு உடம்பை நடுக்குகிறது: "முதல்ல அழுகின முட்டை நாத்தம் அடிச்சுதுக்கா, அப்புறம் போயிடுச்சு. சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்."

போகவில்லை. அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடுடையது. அது 100 பிபிஎம் அளவைத் தொட்டால் மோப்ப நரம்பு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 500க்கு மேல் போனால் ஆள் சுருண்டு விழுவார், 1000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சே போதும். காற்றைவிடக் கனமானது, தொட்டியில் அடியிலேயே தேங்கி நிற்கும். சாணத் தொட்டியில் விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கிய இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் சேர்ந்தே இறந்த செய்திகள் எத்தனையோ நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. அங்கே மூக்கை நம்பவே கூடாது. அங்கேதான் மீட்டர் வேண்டும், சட்டையில் மாட்டிக்கொள்கிற, அலறுகிற மீட்டர். நாங்கள் வாங்கிவிட்டோம். தொட்டி வாயிலுக்கு இரும்புக் கம்பி வலையும் போட்டுவிட்டோம், கலக்கும் நாளில் யாரும் தனியாகப் பக்கத்தில் போவதில்லை.

ஆக உயிருக்கு ஆபத்தா என்பதைக் கருவியிடம் கேட்க வேண்டும். வாழ்க்கைக்குத் தொல்லையா என்பதை அங்கே வாழ்கிறவர் மூக்கிடம் கேட்க வேண்டும். உங்கள் செய்தியில் வந்த பண்ணையில் இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்வியின் பதிலைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே குடியிருப்பவர்கள் பொய் சொன்னார்கள் என்று அதைப் படிக்கிறவர்கள் நினைப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு குழந்தையின் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

உங்கள் நிருபரிடம் ஒரு வேண்டுகோள். மறுபடி அந்த ஊருக்குப் போனால் அளந்தது எத்தனை மணிக்கு, அன்று காற்று எந்தப் பக்கம், குழியைக் கடைசியாகக் கிளறியது என்றைக்கு என்று மூன்றையும் கேட்டு எழுதுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு அவர்கள் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், பத்து விநாடிக்கு ஒருமுறை குறித்துக்கொண்டு. அளக்க வரும் அதிகாரிகளிடமும் அதையே கேட்கிறேன். புகார் வந்தால் முதலில் இரண்டு பக்கத்துக்கும் ஒரு நோட்டைக் கொடுங்கள், மூன்று மாதம் கழித்து வந்து இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், உங்கள் படிவத்தில் நேரத்துக்கும் காற்றின் திசைக்கும் ஒரு கட்டம் சேருங்கள். அந்தப் பண்ணைக்காரருக்கு என் நோட்டின் நகலை அனுப்பத் தயாராக இருக்கிறேன். உங்கள் அலுவலகம் வழியாகக் கேட்டால் போதும்.

எங்கள் நான்கு நோட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன மாதம் 4 என்று எழுதியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்குக் கிளறிக்கொண்டிருக்கும்போது நடுவிலேயே காற்று திரும்பிவிட்டது, நான் உடனே நிறுத்தவில்லை. அதை என் நோட்டிலும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பால் பண்ணை நடத்தும் ஒரு வாசகி